கஞ்சி வேண்டாம்

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை)

லேப்பிலோ, பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையிலோ பென் டிரைவைச் செருகிவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே இருந்த ஃபோல்டர் எல்லாம் மாயம். அதே பெயரில், ஓரத்தில் வளைந்த அம்புக்குறியோடு, ஷார்ட்கட்டுகள் மட்டும் வரிசையாக உட்கார்ந்திருக்கும். "போச்சு, ரெக்கார்டு போச்சு, ப்ராஜக்ட்டும் போச்சு" என்று தலையில் கை வைத்தவர்கள் நம் துறையில் எத்தனை பேர்! அப்புறம் ஒரு சீனியர் வருவார். கறுப்புத் திரையைத் திறந்து "அட்ரிப்" என்று ஆரம்பித்து ஒரு மந்திரத்தை அடிப்பார். போனதெல்லாம் திரும்பி வந்துவிடும். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நாமும் மறந்துவிடுவோம்.

அந்த மந்திரம் என்னதான் சொல்லுது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சி மொழிப் பாடத்தில் பிட் ஆபரேட்டர் என்று ஒரு பகுதி வரும். அண்ட், ஆர், நாட். "5 அண்ட் 3 எவ்வளவு?" என்று கேட்பார்கள். 1 என்று எழுதி இரண்டு மார்க் வாங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். இது எதற்கு உதவும் என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. எனக்குத் தெரிந்து இதற்கு நல்ல உதாரணம் ஃபைலின் மேல் ஒட்டியிருக்கும் கொடிகள்தான். ஆங்கிலத்தில் ஃபிளாக் என்கிறார்கள். கொடி ஏறியிருக்கா, இறங்கியிருக்கா, அவ்வளவுதான் கேள்வி.

பென் டிரைவில் ஃபேட் என்ற பழைய முறை. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் நீளத்தில் ஒரு பதிவு உண்டு. முதல் 8 பைட் பெயர். அடுத்த 3 பைட், புள்ளிக்குப் பிறகு வரும் மூன்றெழுத்து. அதற்கடுத்த பன்னிரண்டாவது பைட்டில்தான் கொடிகள். 1 என்றால் படிக்க மட்டும், 2 என்றால் மறைவு, 4 என்றால் சிஸ்டம், 8 என்றால் அது டிஸ்கின் பெயர், 16 என்றால் ஃபோல்டர், 32 என்றால் ஆர்க்கைவ், அதாவது கடைசியாக பேக்கப் எடுத்த பிறகு ஃபைல் மாறியிருக்கிறது என்று அர்த்தம். எல்லாம் இரண்டின் மடங்காகப் பெருகுவதால் எந்தக் கூட்டுத் தொகையைப் பார்த்தாலும் உள்ளே எவை எவை என்று பிரித்துவிடலாம். 38 என்றால் 32, 4, 2. வேறு எந்த விதமாகவும் வராது.

அந்த வைரஸ் நம்ம ஃபோல்டரை அழிப்பதே இல்லை. 16 ஆக இருந்ததை 22 ஆக்கிவிட்டுப் போகிறது! 16-ஓடு மறைவுக்கு ஒரு 2, சிஸ்டத்துக்கு ஒரு 4. அதுக்குத்தான் நாம அவ்வளவு அழுகை அழுகிறோம். சீனியர் அடிக்கும் மந்திரம் "மைனஸ் எஸ், மைனஸ் ஹெச்". எஸ் சிஸ்டம், ஹெச் மறைவு. அந்த எழுத்துகளை வாங்கி, எந்தெந்த பிட்டை இறக்க வேண்டும் என்று எண்ணாக மாற்றி, 22-லிருந்து கழித்து 16 ஆக்குவது அட்ரிப் கட்டளையின் வேலை. மைனஸ் ஹெச் மட்டும் தனியாகக் கொடுத்தால் "இது சிஸ்டம் ஃபைல், தொடமாட்டேன்" என்று மறுத்துவிடும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1995-ல் விண்டோஸ் நீளமான பெயர்களை அனுமதித்தபோது, அந்தப் பெயரை வைக்கப் பழைய பதிவில் இடமில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? கூடுதல் பதிவுகளைப் போட்டு, அவற்றின் கொடியை 15 என்று வைத்துவிட்டார்கள். 1, 2, 4, 8 எல்லாம் சேர்ந்து 15. டிஸ்கின் பெயரும் நானே, மறைவும் நானே, சிஸ்டமும் நானே என்று சொல்கிற ஒரு பதிவைப் பழைய மென்பொருள் பார்த்தால், "இது ஏதோ நமக்குச் சம்பந்தமில்லாதது" என்று ஒதுங்கிப் போய்விடும். நடக்கவே முடியாத ஒரு சேர்க்கையை வைத்தே வேலையை முடித்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இப்படிக் கெட்டிக்காரத்தனமாகச் செய்வது பின்னால் வருகிறவனுக்குத் தலைவலி என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் படித்தபோது எனக்கு ஒன்றும் புதுசாகவே தெரியவில்லை. காரணம் எங்க தாத்தா.

எங்க குடும்பம் வெளுக்கிற குடும்பம். இதை மழுப்பி "சுயதொழில்" என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. எங்க வீட்டில் பத்தாவதைத் தாண்டினது நான்தான். அம்மா ஐந்தாவது. தாத்தா கைநாட்டு. ஆனால் நாற்பத்து மூன்று வீட்டுத் துணியை ஒரே துறையில் போட்டு வெளுத்து, ஒரு கைக்குட்டைகூட மாறாமல் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். துணியின் ஓரத்தில், சட்டைன்னா காலருக்கு உள்பக்கம், வேட்டின்னா மூலையில் குறி போட்டிருப்பார். அந்தக் காலத்தில் சேராங்கொட்டைப் பால். கையில் பட்டால் புண்ணாக்கிவிடும், துணியில் பட்டால் துணி கிழிந்தாலும் கறை போகாது. இப்போது மார்க்கர் பேனா.

அந்தக் குறி எழுத்தில்லை. கோடும் புள்ளியும். கீழத்தெருவுக்குக் கோடு கிடையாது. மேலத்தெருவுக்கு ஒரு கோடு, கோயில் தெருவுக்கு இரண்டு கோடு, பஸ் ஸ்டாண்டு பக்கம் என்றால் பிறை. தெருவுக்குள் எந்த வீடு என்பதைப் புள்ளி சொல்லும். எத்தனை புள்ளி, கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று. கோட்டை மட்டும் பார்த்துத் தெருவாரியாகக் குவிப்பார், பிறகு புள்ளியைப் பார்த்து வீடுவாரியாகப் பிரிப்பார். நம் பாடத்தில் "மாஸ்க்" என்கிறோமே, தேவையான பிட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மறைப்பது, அதை என் தாத்தா மரத்தடியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்.

நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது, பொங்கலுக்கு முந்தின வாரம், தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வீட்டில் நாற்பத்து மூன்று வீட்டுத் துணியும் மலையாகக் கிடக்குது. யாருடையது எது என்று யாருக்கும் தெரியாது! அம்மாவுக்குப் பாதி குறி தெரியும். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அவருக்கு அதுவும் தெரியாது. வீடுகளிலிருந்து ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள். "பண்டிகைக்குப் பட்டுவேட்டி கேட்டேனே" என்று ஒருவர். "துணிய தொலைச்சிட்டீங்களா" என்று ஒருவர். மாமா வந்து அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, கடைய மூடிரு. பாப்பா படிச்சது போதும். மில்லுல ஆள் எடுக்கிறாங்க, அனுப்பி வை." அம்மா பதில் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

தாத்தாவுக்கு வாய்தான் வரவில்லை. புத்தி தெளிவாக இருந்தது, தலையாட்ட முடியும். நான் ஒரு சட்டையை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

"தாத்தா, மேலத்தெருவா?"

ஆட்டினார்.

"டாக்டர் வீடா?"

இல்லை என்று ஆட்டினார்.

"பச்சை கேட் வீடா?"

ஆமாம்.

ஒரு தலையாட்டலுக்கு ஒரு பிட். அறுபது பக்க நோட்டு ஒன்றை எடுத்து இடது பக்கம் குறியை வரைந்தேன், வலது பக்கம் வீட்டின் பெயரை எழுதினேன். பத்துப் பன்னிரண்டு துணி ஆனதும் கோடு என்றால் தெரு என்பது எனக்கே பிடிபட்டுவிட்டது. அப்புறம் தெருவைக் கேட்க வேண்டியதில்லை, வீட்டை மட்டும் கேட்டால் போதும். நாலு நாள் ஆச்சு. போகிக்கு முந்தின ராத்திரி அம்மா நோட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்து, மூட்டை கட்டினார். மாமா மறுபடி மில்லைப் பற்றிப் பேசியபோது அம்மா, "அவ நோட்டுலதான்டா கடை ஓடுது" என்று மட்டும் சொன்னார். நான் காலேஜுக்கு வந்துவிட்டேன்.

இரண்டாம் ஆண்டில் எங்க சார் ஒருத்தர், "புத்தகத்துல இருக்கிற ப்ரோகிராம் எல்லாம் பரீட்சைக்கு எழுதினது. நிஜமா உலகத்துல ஓடுற ஒரு ப்ரோகிராம படிங்க" என்று ஆளுக்கொரு சின்ன ஃபைலைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். எனக்கு வந்தது ஃப்ரீ பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் வகை சிஸ்டத்தின் ஒரு ஃபைல். இருநூறு வரிகூட இருக்காது. அதில் இரண்டே ஃபங்ஷன்கள். ஒன்றின் பெயர் எஃப்ஃபிளாக்ஸ்-டு-எஸ்டிஆர்: கொடிகளை எண்ணாக வாங்கிச் சொற்களாகத் தரும். இன்னொன்று எஸ்டிஆர்-டு-எஃப்ஃபிளாக்ஸ்: சொற்களை வாங்கிக் கொடிகளாகத் தரும். இரண்டும் 2000-ல் வந்த நாலாம் பதிப்பில் சேர்க்கப்பட்டவை. ஃபைலுக்கு இந்த வகைக் கொடி வைக்கும் வழக்கம் அதற்கும் முன்னால், 1993-ல் வெளியான 4.4 பி.எஸ்.டி.யிலேயே வந்துவிட்டது. ஆப்பிள் மேக் கணினிகளுக்குள்ளும் இதே கொடிகளும் இதே ஃபங்ஷன்களும் இருக்கின்றன.

அங்கே 1 என்றால் பேக்கப் எடுக்கும்போது இந்த ஃபைலை விட்டுவிடு. 2 என்றால் யாரும் இதை மாற்றக் கூடாது. 4 என்றால் கடைசியில் சேர்க்கலாம், இருப்பதைத் திருத்தக் கூடாது. கீழ்ப் பதினாறு பிட் ஃபைலின் சொந்தக்காரருக்கு, மேல்ப் பதினாறு பிட் சிஸ்டத்தை நிர்வகிக்கும் சூப்பர் யூசருக்கு. அதே "மாற்றக் கூடாது" மேலே வந்தால் 1,31,072. கோடு தெருவுக்கு, புள்ளி வீட்டுக்கு என்ற கணக்குதான்!

எண்ணாகவே வைத்துக்கொண்டால் என்ன, எதற்குச் சொல்லாக மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். நானும் கேட்டேன். எண் ஊருக்கு ஊர் மாறும். 2 என்றால் பி.எஸ்.டி.யில் மாற்றாதே, டாஸில் மறைவு. லினக்ஸின் எக்ஸ்ட் வகை ஃபைல் சிஸ்டத்தில் அதே "மாற்றாதே" 16. டாஸில் 16 என்றால் ஃபோல்டர்! ஒரு மெஷினில் டார் ஃபைலாகக் கட்டி இன்னொரு மெஷினில் பிரித்தால், எண்ணை நம்பினால் குடி முழுகிவிடும். அதனால்தான் லிப் ஆர்க்கைவ் என்ற நிரல் தொகுப்பு டார் ஃபைலுக்குள் கொடிகளை எண்ணாக எழுதாமல் சொல்லாக எழுதுகிறது. போகிற இடத்தில் அந்தச் சொல்லுக்கு அந்த ஊர் எண் என்னவோ அதைப் போட்டுக்கொள்ளலாம். தாத்தா குறியை வேறு ஊர் சலவைக்காரரிடம் காட்டினால் அவருக்கு என்ன தெரியும்? "பச்சை கேட் வீடு" என்று எழுதி வைத்தால் யாரும் போய்க் கொடுக்கலாம்.

அந்த ஃபைலின் உயிர் ஒரு அட்டவணை. ஸ்ட்ரக்சர் வரிசை. ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல், ஒரு கொடி, நடுவில் ஒரு சின்ன எண் (அதற்கு வருகிறேன்). இரண்டு ஃபங்ஷனும் இந்த ஒரே அட்டவணையைத்தான் பார்க்கின்றன. எழுத ஒன்று, வாசிக்க ஒன்று என்று இரண்டு அட்டவணை வைத்திருந்தால் என்றைக்காவது ஒன்றில் திருத்தி மற்றதில் விட்டுப்போகும். அம்மா ஒரு தடவை, "வீட்டுப் பேர் வரிசையா இன்னொரு நோட்டு போட்டுத் தாயேன், புதுத்துணிக்குக் குறி போட வசதியா இருக்கும்" என்று கேட்டார். நான் போட்டுத் தரவில்லை. அதே நோட்டையே புரட்டச் சொன்னேன். "சோம்பேறி" என்றார். இருக்கட்டும்.

ஒரு கொடிக்கே அட்டவணையில் இரண்டு மூன்று பெயர் இருக்கும். சின்னப் பெயர் முதலில், நீளமானது அதற்குக் கீழே. வாசிக்கும்போது எந்தப் பெயரில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளும். எழுதும்போது முதல் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அந்த பிட்டை உடனே எண்ணிலிருந்து அழித்துவிடும். அதனால் அடுத்த வரியில் இருக்கும் மாற்றுப் பெயர் இரண்டாம் தடவை வராது. பச்சை கேட் வீட்டை ஊரில் சிலர் "வாத்தியார் வீடு" என்பார்கள். யார் எப்படிச் சொன்னாலும் அம்மாவுக்குப் புரியும். ஆனால் மூட்டை மேல் எழுதும் பெயர் ஒன்றுதான்.

எண்ணைச் சொல்லாக்கும் பக்கம் சுலபம். அட்டவணையை மேலிருந்து கீழே வரை பார், அண்ட் போட்டுப் பார், பிட் இருந்தால் பெயரை எழுது, நடுவில் கமா போடு. எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு, எத்தனை வரியோ அத்தனை மடங்கு மிக நீளமான பெயருக்கான இடத்தை மாலோக்கில் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் வீண்தான், ஆனால் ஒருநாளும் பற்றாமல் போகாது. வாங்கிய இடத்தை ஃப்ரீ செய்ய வேண்டியது கூப்பிட்டவரின் பொறுப்பு. (எங்க கடை ஹேங்கரை எடுத்துப்போய்த் திருப்பித் தராதவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.)

சொல்லை எண்ணாக்கும் பக்கம்தான் நிஜமான வேலை. ஏனென்றால் எண்ணைத் தருவது மெஷின், சொல்லைத் தருவது மனுஷன். மனுஷன் ஸ்பேஸ் விடுவான், கமா போடுவான், டேப் அடிப்பான். மூன்றையும் பிரிக்கும் குறியாக எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கமா சேர்ந்து வந்து நடுவில் ஒன்றும் இல்லை என்றால் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடுகிறார்கள். அட்டவணையில் இல்லாத சொல் வந்தால் பேசாமல் விழுங்குவதில்லை. நின்றுவிடும். அதுமட்டுமில்லை, எந்தச் சொல் புரியவில்லையோ அந்த இடத்தையே பாயின்டரில் திருப்பிக் கொடுக்கும். "தப்பு" என்று பொதுவாகச் சொல்லாமல் "இந்தச் சொல்தான் புரியவில்லை" என்று விரல் வைத்துக் காட்டுகிறது. நாம் எழுதும் ப்ரோகிராம் எல்லாம் "எரர்" என்று ஒரே வார்த்தையில் முடிகிறதே, அதற்கு இது எவ்வளவோ மேல். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் ஆபீஸ்களும் இந்த ஒன்றைச் செய்தால் எங்களைப் போன்ற வீடுகளுக்கு எத்தனை பஸ் காசு மிச்சமாகும்!

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இனிமேல்தான். சொல்லை வாங்கும் ஃபங்ஷன் ஒரு எண்ணைத் திருப்பித் தருவதில்லை. இரண்டு எண் தருகிறது. ஒன்று ஏற்ற வேண்டிய கொடிகள், இன்னொன்று இறக்க வேண்டிய கொடிகள். முதலில் எனக்கு இது வீணாகப் பட்டது. ஒரு பிட்டுக்கு 0 அல்லது 1, அதற்கு எதுக்கு இரண்டு?

கஞ்சியை வைத்து யோசித்தபோது விளங்கிவிட்டது. எங்க கடையில் சில வீட்டில் "கஞ்சி போடு" என்பார்கள். சில வீட்டில் "கஞ்சி வேண்டாம்" என்பார்கள். நிறையப் பேர் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தமா? இல்லவே இல்லை. போன தடவை எப்படியோ அப்படி! சொல்லாததை எல்லாம் 0 என்று எடுத்துக்கொண்டால், நீலம் மட்டும் போடச் சொன்ன வீட்டுக்கு இருந்த கஞ்சியும் போய்விடும், வந்து சத்தம் போடுவார்கள். ஆக "போடு", "வேண்டாம்", "சொல்லவில்லை" என்று மூன்று நிலை. ஒரு பிட்டில் மூன்றை வைக்க முடியாது. அதனால் இரண்டு எண். கட்டளையின் கடைசி வேலை ஒரே வரி: பழைய கொடிகளோடு ஏற்ற வேண்டியதை ஆர் செய், பிறகு இறக்க வேண்டியதன் நாட்-ஓடு அண்ட் செய். சொல்லாத பிட் எதுவும் தொடப்படாமல் அப்படியே தப்பிவிடும். பரீட்சைக்குப் படித்த மூன்று ஆபரேட்டரும் ஒரே வரியில் வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதே கட்டளைக்குச் சொல்லுக்குப் பதில் எண்ணையும் கொடுக்கலாம். எண்ணைக் கொடுத்தால் கதை வேறு. எண்ணில் "சொல்லவில்லை" என்பது கிடையாது. 0 கொடுத்தால் எல்லாக் கொடியும் இறங்கும். லினக்ஸில் இதற்குப் பிளஸ், மைனஸ், சமக்குறி என்று மூன்று குறி: சேர், எடு, இதுமட்டும்தான். வீட்டு விண்ணப்பங்களை எல்லாம் நிரப்புகிறவள் என்ற முறையில் எனக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு கட்டத்தைக் காலியாக விடுவது வேறு, "இல்லை" என்று எழுதுவது வேறு. பாட்டியின் உதவித்தொகை மனுவைப் பக்கத்து வீட்டு அண்ணன் நிரப்பிக் கொடுத்தபோது ஒரு கட்டம் காலியாக இருந்ததால் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறை அதில் "இல்லை" என்று எழுதிக் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். பாட்டியின் நிலைமையில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றெழுத்துதான் வித்தியாசம்.

அட்டவணையின் நடுவில் ஒரு சின்ன எண் என்று சொன்னேனே, அது "வேண்டாம்" என்ற சொல்லுக்காக. ஆங்கிலத்தில் "நோ" முன்னால் வரும். அதனால் எல்லாப் பெயரையும் "நோ" சேர்த்தே அட்டவணையில் எழுதிவிட்டார்கள். "நோ" இல்லாத பெயர் வேண்டுமானால் பாயின்டரை இரண்டு எழுத்து தள்ளி வைத்தால் போதும். ஒரே சொல்லில் இரண்டு சொல்! ஆனால் ஒரு கொடிக்கு மட்டும் இது தலைகீழ். "பேக்கப் எடுக்காதே" என்ற கொடியின் பெயரே "நோடம்ப்". மற்ற பெயர்களில் "நோ" வந்தால் கொடியை இறக்கு என்று அர்த்தம். இதில் மட்டும் "நோ" வந்தால் ஏற்று என்று அர்த்தம். அந்த ஒன்றுக்காக ஒவ்வொரு வரியிலும் ஒரு கட்டம். அதில் 1 இருந்தால் அர்த்தத்தைத் திருப்பிப் போடு.

இந்தத் தலைகீழ் சமாசாரமும் எங்க கடையில் உண்டு. எல்லாத் துணிக்கும் கஞ்சி போடுவதுதான் தாத்தா வழக்கம் என்பதால், வேண்டாம் என்ற துணிக்குத்தான் அடையாளம். பொத்தான் துளையில் ஒரு நூல் முடிச்சு. முடிச்சு இருந்தால் கஞ்சி இல்லை, முடிச்சு இல்லாவிட்டால் கஞ்சி. புதிதாக வேலைக்கு வந்த பையனுக்கு இதைப் புரிய வைக்க அம்மா பட்ட பாடு!

இதையே தமிழில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். மினி ப்ராஜக்ட். பென் டிரைவின் அந்த ஒரு பைட்டை வாசித்து, "மறைவு, சிஸ்டம்" என்று தமிழில் காட்ட வேண்டும். "மறைவு வேண்டாம்" என்று அடித்தால் அந்தக் கொடியை இறக்க வேண்டும். அங்கேதான் ஆங்கிலத் தந்திரம் செல்லாது. நம்ம மொழியில் "வேண்டாம்" பின்னால் வருகிறது. தலையைத் தள்ள முடியாது, வாலைத்தான் வெட்ட வேண்டும். அதோடு இரண்டு எழுத்து தள்ளு என்றால் எதைத் தள்ளுவது? யூனிகோடில் நாம் வழக்கமாகச் சேமிக்கும் முறையில் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு துண்டும் 3 பைட். "கஞ்சி" என்ற சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினிக்கு 15 பைட். இரண்டு பைட் தள்ளினால் "க"வின் வயிற்றில் போய் நிற்கும். ஆகவே ஸ்பேஸை வைத்து, கடைசிச் சொல் "வேண்டாம்" தானா என்று பார்த்து, ஆமென்றால் அதற்கு முன்னால் சொல்லை முடித்துவிட்டு அட்டவணையில் தேடுகிறேன். இதனால் ஸ்பேஸைப் பிரிக்கும் குறியாக வைக்க முடியாது, கமா மட்டும்தான். அவர்களுடையதை விட என்னுடையது நாலு வரி கூட. பரவாயில்லை.

அவர்களுடைய ஃபங்ஷனில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. எண்ணைச் சொல்லாக்கும்போது, அட்டவணையில் பெயர் இல்லாத பிட் ஏதாவது ஏறியிருந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். எண்ணைச் சொல்லாக்கி, அந்தச் சொல்லை மறுபடி எண்ணாக்கினால் முதல் எண் திரும்பக் கிடைக்காது, ஒரு கொடி குறையும். தெரியாத சொல் வந்தால் நின்று விரல் வைத்துக் காட்டுகிற அதே ஃபைல், தெரியாத பிட் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறது. எழுதினவர்களுக்கு ஏதாவது காரணம் இருந்திருக்கலாம். என்னுடையதில், பெயர் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கழித்த பிறகு மிச்சம் ஏதாவது இருந்தால் அதை எண்ணாகவே கடைசியில் எழுதிவிடுகிறேன். 0 முதல் 255 வரை ஒவ்வொரு எண்ணையும் சொல்லாக்கித் திருப்பி எண்ணாக்கிப் பார்த்தேன், 256-ம் சரியாக வந்தது. லேப்பில் இதற்கு ஆன நேரம் ஒரு கண் இமைப்பு.

நோட்டிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பிறையும் அதன் கீழே மூன்று புள்ளியும் போட்ட ஒரு வேட்டி. தாத்தாவிடம் காட்டியபோது ஆமென்றும் ஆட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை, வேட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் என்பது மட்டும் பிறையால் தெரியும். அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் கேட்டாகிவிட்டது. குறியை வரைந்து, எதிரே பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். வேட்டி வெளுத்து, மடித்து, கடை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.